அண்ணாச்சியின் தோளில் ஒரு கை

செங்கோட்டை மர டிப்போ சங்கரலிங்கம் அண்ணாச்சி, என் அப்பாவைப் பாறையாக்கியது நீங்கள்தான்.

போன சாரலில் குற்றாலத்துக் கலைக்கூடத்தில் உங்களுக்குப் பொன்னாடை போட்டார்கள். 'கலைக்கூடத்தைப் பல்லாண்டு தாங்கிய தூண்' என்று கேடயம் கொடுத்தார்கள். அங்கே டிக்கெட் கிழித்து, தரை பெருக்கி, படம் துடைத்தவள் நான். நீங்கள் எதைத் தாங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். இனி அந்த வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.

முதல் நாள்

அப்பா செத்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. அப்பா பெயர் சுடலை. மெயினருவிக் கரையில், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது அவர் தொழில். வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

வேலை வாங்கிக் கொடுத்தவர் வீரகேரளம்புதூர் டிராயிங் மாஸ்டர் ஆசீர்வாதம். நடு ஹாலில் சுவர் நிறையத் தொங்கும் மெயினருவிப் படம் அவர் வரைந்து இனாமாகக் கொடுத்தது. ஒரு சீசன் முழுக்க அருவிக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணில் பட்டவர்களை எல்லாம் வரைந்திருந்தார்.

"கோமதி, அங்கன இடது ஓரத்துல பாரு" என்றார்.

பார்த்தேன். அருவிக்குக் கீழே ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு ஒரே கூட்டம். ஓரத்தில், கோவணம் கட்டி எண்ணெய் மினுக்க ஒரு பெரிய தொந்தி. அதற்குப் பின்னால் நின்று தோளைப் பிடித்து உருவிக்கொண்டிருந்தார் என் அப்பா. அவருடைய இடக்கையில் நடுவிரல் வளைந்திருக்கும். மாஸ்டர் அதைக்கூட விடவில்லை.

"தொந்தி யாரு சார்?"

"மர டிப்போ அண்ணாச்சி. படத்துக்குத் தேக்குச் சட்டம் கொடுத்தவரு. இன்னும் வந்து பாக்கல."

காய்ந்த துணியால், மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அன்று நான் முதலில் துடைத்தது இடது ஓரத்தைத்தான்.

சட்டை

அண்ணாச்சி படத்தைப் பார்த்தது சம்பந்தி வீட்டாரோடு வந்தபோது. சம்பந்தி படத்தின் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, இந்தத் தொந்திய எங்கயோ பாத்த மாதிரி இருக்குல்லா?"

சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி, கலைக்கூடத்துச் செக்ரட்டரி வக்கீலை ஓரமாகக் கூப்பிட்டார். மறுநாளே மாஸ்டருக்கு ஆள் போனது.

"மாஸ்டர், அண்ணாச்சிக்கு ஒரு சட்ட மட்டும் போட்டுவிட்டிருங்க" என்றார் வக்கீல்.

"அருவில சட்ட போட்டுக் குளிக்கவன் பைத்தியக்காரம்லா சார்."

"கூரை ஒழுகுது வே. அண்ணாச்சிதான் மரம் தாறேங்காரு."

"அப்ப கூரைக்குப் போடச் சொல்லுங்க சட்டைய."

மாஸ்டர் பஸ் ஏறிவிட்டார். அதன்பின் அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

தென்காசியிலிருந்து சினிமா பேனர் வரையும் மணி வந்து சட்டை போட்டான். கூரைக்கு மரம் வந்தது. தலைக்கு மேல் அருவி கொட்டுகிறது. அண்ணாச்சி இஸ்திரி கலையாமல் நிற்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் இதைத்தான் முதலில் கேட்கும்.

"டீச்சர், அவரு மட்டும் ஏன் நனையல?"

டீச்சர் என்னைப் பார்ப்பாள்.

"அவரு புரவலர்" என்பேன்.

ஆதரவு

நீண்டகால ஆதரவு என்று மேடையில் சொன்னார்களே, அது இதுதான். ஜன்னல் கதவு செய்து கொடுத்தார். கோவணம் ஜரிகை வேட்டி ஆனது. பெஞ்சு வந்தது, கழுத்தில் மைனர் செயின் ஏறியது. பக்கத்தில் இடித்துக்கொண்டு குளித்தவர்கள் ஒவ்வொருவராக வெள்ளைப் பெயிண்டுக்குள் போனார்கள். சீசனில் மெயினருவியில் கால் வைக்க இடம் இருக்காது. படத்தில் அருவியே அண்ணாச்சிக்குச் சொந்தம்.

கடைசியில் மிஞ்சியவர் என் அப்பா. பாராட்டு விழாவுக்கு நாள் குறித்ததும் அண்ணாச்சி, வக்கீலையும் மணியையும் கூட்டிக்கொண்டு வந்து படத்தின் முன்னால் நின்றார்.

"எவம்லே இது, ஏம் மேல கையப் போட்டுட்டு நிக்கான்?"

"எங்கப்பா, அண்ணாச்சி. ஒங்களுக்கு சீசன் சீசனா எண்ணெய் தேச்ச சுடலை. வீட்டுல வேற படம் கெடையாது. அவர மட்டும் விட்டிருங்க."

"ஏட்டி, ஒங்கப்பன் தேச்சதுக்கு அன்னைக்கே கூலி கொடுத்தாச்சு. செவுத்துலயும் நின்னு தேய்க்கணுமோ?"

வக்கீல் சிரித்தார். மணி சிரிக்கவில்லை.

"சார், எண்ணெய்ப் பெயிண்டு விழாவுக்குள்ள காயாது. டிஸ்டம்பர் அடிச்சா நிக்காது. சாரல் ஈரத்துல பொரிஞ்சிரும்."

"விழா வரைக்கும் நின்னாப் போதும்லே" என்றார் வக்கீல்.

அப்பா இருந்த இடத்தில் டிஸ்டம்பரில் பாறை வந்தது. அவர் கை இருந்த இடத்தில் சட்டையின் வெள்ளை வந்தது. நான் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன்.

விழா

விழாவுக்கு முன்பே சாரல் பிடித்துவிட்டது. பாறையில் குமிழ் கிளம்பியதைத் துடைக்கும்போது பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மணிதான் சொல்லியாயிற்றே.

ஹாலில் மூச்சு முட்டுகிற கூட்டம். ஒருவர் தூண் என்றார், ஒருவர் ஆலமரம் என்றார், ஒருவர் கலைத்தாயின் தலைமகன் என்றார். படத்தை வரைந்த மாஸ்டர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. சிறப்பு விருந்தினருக்குப் புழுக்கமாக இருக்கிறதாம். ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள். அண்ணாச்சி உபயம் செய்த அதே ஜன்னல். திறந்தேன். மலைக்காற்று சாரலோடு உள்ளே வந்தது.

அண்ணாச்சி பொன்னாடையோடு படத்தின் முன்னால் போட்டோவுக்கு நின்றார். போட்டோக்காரர் கேமராவை விட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"அண்ணாச்சி, தோள்ல யாரோ கை வச்சிருக்காவ."

அண்ணாச்சி தன் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அங்கன இல்ல அண்ணாச்சி, படத்துல!"

ஹாலே சிரித்தது. பாறையும் தோளில் பூசிய வெள்ளையும் பொரிந்து உதிர்ந்து தரையில் கிடந்தன. மேலே இஸ்திரிச் சட்டையின் தோளில் ஒரு கை. நடுவிரல் வளைந்த இடக்கை.

மறுநாள் வக்கீல் என்னிடம் பிரஷ்ஷைக் கொடுத்து, "அந்தக் கைய அடிச்சு மூடு" என்றார்.

"நீங்களே மூடுங்க" என்றேன்.

அன்றோடு என் வேலை போனது. படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டார்கள். இப்போது டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவர்கள் தேக்குச் சட்டத்தின் முதுகைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான், பிள்ளைகளே. படத்துக்கு ஈரம் ஆகாது. காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். புரவலர் அதைவிட ஆகாது. மரம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். படத்துக்குப் பக்கத்தில் மட்டும் விடாதீர்கள்.

அண்ணாச்சி, பொன்னாடை வாங்கிய அதே மேடைக்கு வாருங்கள். அதே மைக்கைப் பிடியுங்கள். படத்தைத் திருப்பி மாட்டச் சொல்லுங்கள். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதற்குப் பதில் சொல்லுங்கள்: உங்கள் தோளில் இருக்கும் அந்தக் கை யாருடையது?