காலண்டருக்கு ஒரு பில்

ஊர் ஊராகப் போய்ப் பாடுகிற ஒரு இசைக்குழுவுக்கு நான்தான் ஜி.எஸ்.டி. பார்க்கிறேன். கச்சேரி வாசலில் மேசை போட்டு அவர்கள் விற்கிற பனியன், போஸ்டர், காலண்டர் எல்லாவற்றுக்கும் வரி உண்டு. கேரளாவில் கச்சேரி என்றால் அங்கே ஒரு தற்காலிகப் பதிவு, பெங்களூரு என்றால் அங்கே ஒன்று. சூலக்கரைப் பக்கம் என் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே அவர்களோடு தென்னிந்தியா முழுக்கச் சுற்றியிருக்கிறேன். பில் போடாமல் ஒரு பனியன் விற்றார்கள் என்று தெரிந்தால் போதும், போனிலேயே காய்ச்சி எடுத்துவிடுவேன்.

குழுவின் பாடகி சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்துப் பெண். போன டிசம்பரில்தான் முதன்முறையாகச் சிவகாசியில் கச்சேரி வைத்தார்கள். அவளுடைய அம்மா காலண்டர் கம்பெனியில், தாள்களின் மேல்விளிம்பைச் சேர்த்துப் பிடிக்கத் தகரம் அடிக்கிறவர். மகள் பாடுவதை அவர் ஒருநாளும் வேலை என்று ஒத்துக்கொண்டதில்லை. “பாட்டெல்லாம் சரி, வேலைக்கு எப்பப் போவே?” என்று வாராவாரம் கேட்பாராம். அன்றைக்கு அந்த அம்மா வருகிறார். மகள் படம் போட்ட காலண்டர் மளமளவென்று விற்பதை அவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் பாடகியின் ஆசை. அந்த ஆசை எனக்கும் தொற்றிக்கொள்ள, பில் மெஷினோடு நானே மேசையில் உட்கார்ந்துவிட்டேன்.

பனியன் போனது. காலண்டர் ஒன்றுகூடப் போகவில்லை.

அட கூறுகெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். சிவகாசியில் எவர் காலண்டரைக் காசு கொடுத்து வாங்குவார்? அச்சாபீஸ்காரர், மளிகைக்கடைக்காரர், நகைக்கடைக்காரர் என்று வீடு தேடி வந்து கொடுப்பார்கள். ஒருவர் புரட்டிப் பார்த்து, “நல்லாருக்கு” என்று சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பியே விட்டார். கூப்பிட்டு விலையைச் சொன்னேன். “காலண்டருக்கா காசு கேக்கீக?” என்று மனிதர் மிரண்டு போனார்.

பாடகியின் முகம் சுண்டிவிட்டது. “அக்கா, அம்மா வர்ற நேரமாச்சு. சும்மாவே குடுத்துருவோமா? மேசையாவது காலியாகும்.”

“சும்மா குடுத்தா, அச்சடிச்சப்போ கட்டுன வரியைக் கழிக்க முடியாது. அதை யாரு சரிபண்றது?” என்று எரிந்து விழுந்தேன். அவள் கண் கலங்கியதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. “சரி, குடுத்துத் தொலை. கணக்குல நானே எழுதிக்கிடுதேன்.”

அதற்குள் அம்மாவே மேசைக்கு வந்துவிட்டார். காலண்டரை எடுத்தவர், தகரம் ஒழுங்காக அடித்திருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்த்தார். பிறகுதான் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“எம்புட்டு?”

“உனக்கு எதுக்கும்மா காசு? எடுத்துக்கோ.”

“நீ சும்மா இரு. தாயி, நீங்க சொல்லுங்க.”

பணத்தை வாங்கிக்கொண்டு பில் கொடுத்தேன். வரி வரியாகப் படித்தவரின் விரல் ஓரிடத்தில் நின்றது.

“இது என்ன தாயி?”

“ஜி.எஸ்.டி.ம்மா. தொழில் பண்றவங்க வாங்கி அரசாங்கத்துக்குக் கட்டணும். உங்க மக மாசாமாசம் கட்டுதா.”

“எம் மகளா? அரசாங்கத்துக்கா?”

“ஒரு மாசம் தவறினதில்ல.”

அவர் பில்லை மடித்து ரவிக்கைக்குள் பத்திரப்படுத்தினார். பின்னால் வேடிக்கை பார்த்து நின்றவர்கள் பக்கம் திரும்பினார்.

“என்ன, சும்மா பாத்துட்டுப் போறீக? காசு குடுத்து வாங்குங்க. எம் மக தொழிலு இது.”

பாடகி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதன் பிறகு எனக்குப் பில் போட்டுக் கை ஓயவில்லை.