இப்போ ஊசி எதிலே?

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் பத்திரிகை ஆபீசுக்குக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். ஜுரமா? ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டாரா? ஆசிரியரோடு சண்டையா?

ஒன்றுமில்லை. பேனா ஓடவில்லை. அவ்வளவுதான்.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஈப்போ ரயில்வே ஸ்டேஷனில், பட்டப்பகலில், என் ஐந்து வயது மகள் சிவகாமியைத் தொலைத்துவிட்டேன்.

கிடைத்துவிட்டாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்றவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம். இதோ, நான் எழுதுகிற மேஜைக்கு அடியில் உட்கார்ந்து என் செருப்பைக் கழற்றி, தன் காலில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பத்து வரிக்கு ஒரு முறை நானும் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்... இருக்கிறாளா என்று.

எப்படித் தொலைந்தாள்? எப்படிக் கிடைத்தாள்? இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் — கிராமபோன்.

இதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எனக்குக் கல்யாணம் ஆகாத காலத்துக்கு.

அப்போது செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி வேலை எனக்கு. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் பேரைச் சொல்ல, நான் புத்தகத்தில் குறித்துக்கொள்வேன். ‘பேர் கொடுப்பது’ என்று அதற்குப் பெயர். பேர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை.

மேட்டில் துரை பங்களா. மாலையில் அங்கிருந்து இங்கிலீஷ் பாட்டு காற்றில் வரும். நாங்கள் கீழே நின்று கேட்போம். கேட்போம் என்றா சொன்னேன்? காற்று எங்கள் பக்கம் வீசினால் கேட்போம். இல்லாவிட்டால் பங்களாவைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

மீரான் ராவுத்தர் அந்த நாளில் மாட்டு வண்டியில் துணி மூட்டையோடு தோட்டம் தோட்டமாக வருகிற வியாபாரி. ஒரு மாலை, மூட்டைகளுக்கு நடுவே பிரசவ வீட்டுக்குப் போகிற பெண்ணைப் போல ஒரு பெட்டியைப் பத்திரமாக ஏற்றிக்கொண்டு வந்தார். பெட்டிக்கு மேலே தாமரைப் பூ மாதிரி ஒரு குழாய். பெரட்டுக் களத்திலேயே இறக்கி வைத்தார். ஆட்கள் குடியிருக்கிற லயங்களே காலியாகி எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள்.

சாவி கொடுத்தார். ஊசியை வைத்தார். தமிழில் ஒரு பெண் பாடினாள்!

முருகன் வரவில்லையே என்று ஏங்குகிற பாட்டு. ஒருவன் குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்தான். இன்னொருவன் வண்டிக்கு அடியில் குனிந்து தேடினான். நான் படித்தவன் அல்லவா, தேடவில்லை. ஆனால் அழுதுவிட்டேன். கடல் தாண்டி வந்து ஏழு வருஷம் கழித்து, ஒரு பெண் குரலில் நல்ல தமிழ்ப் பாட்டு...

பாட்டு முடிந்தது. சட்டென்று அந்தக் குரல் உரத்துச் சொன்னது: “வலங்கைமான் குமுதவல்லி!”

ரப்பர் பால் வெட்டுகிற அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அடியே, பாடி முடிச்சிட்டுப் பேர் குடுக்குதுடி அந்தம்மா! கிராணியாரே, எழுதிக்குங்க!”

களமே அதிர்ந்தது. என் கை நிஜமாகவே பென்சிலைத் தேடியது என்பதை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

வெளிதேசத்தில் இந்தப் பாட்டுத் தட்டை, பிளேட்டை, அச்சுப் போடுகிறவனுக்குத் தமிழ் தெரியாது. பாடியது யார் என்று குழம்பக் கூடாது என்பதற்காகப் பாடகர்களையே கடைசியில் பேர் சொல்ல வைத்தார்களாம். ராவுத்தர் சொன்ன காரணம் இது. இப்போது வருகிற பிளேட்டுகளில் அந்த வழக்கம் குறைந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்தேன். கம்பெனி ஒன்றில் கிளார்க் வேலை, புந்தோங்கில் வீடு, கல்யாணம், வெகு நாள் கழித்து ஒரே ஒரு பெண். ராவுத்தரும் வண்டியை விற்றுவிட்டு டவுனில் துணிக்கடை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே ஏழெட்டுப் பேர் கூடுவோம். எல்லோருமே கிராமபோன் பைத்தியங்கள்.

உள்ளே நுழைந்தால் “சௌக்கியமா?” என்று யாரும் கேட்பதில்லை. “இப்போ ஊசி எதிலே?” என்றுதான் கேள்வி. இந்த வாரம் எந்த பிளேட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர் என்று அர்த்தம். பொய் சொல்லக் கூடாது. மகா வித்வான் பேரைச் சொல்லிவிட்டு வீட்டில் டிராமாப் பாட்டுக் கேட்கிற ஆசாமி எப்படியும் அகப்பட்டுக்கொள்வான். ராகத்தில் ஒரு இடத்தை மடக்கிக் கேட்டால் விழிப்பான்.

யோசித்துப் பாருங்கள். நல்ல பாட்டு ஒன்றைத் தனியாகக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடிகிறதா? யாரிடமாவது சொல்ல வேண்டும். சொன்னால்தான் கேட்டது முழுசாகிறது.

கூட்டத்தில் வாய் அதிகம் டிரெஸர் மாணிக்கத்துக்கு. கோப்பெங் பக்கம் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஊசி போடுகிற வேலை. “இப்போ ஊசி எதிலே?” என்று அவரைக் கேட்டால், “ஆறு நாள் கையிலே, ஏழாம் நாள் பிளேட்டிலே!” என்பார். முதல் தடவை சிரித்தோம். நாற்பதாவது தடவையும் அவர் மட்டும் சிரிப்பார்.

நான் குமுதவல்லி பிளேட்டை எப்படியோ தேடி வாங்கிவிட்டேன். வாரா வாரம் அதே பதில் சொல்வேன். டிரெஸருக்கு அது போதும்.

“இன்னுமா அந்தக் கீச்சுக் குரல் கெழவியக் கேக்கிறீங்க? எலி பொறியில மாட்டின மாதிரில்ல இருக்கு! கிராணியாரே, காதக் காட்டுங்க, மருந்து ஊத்திவிடுறேன்லா.”

இப்படிப் பேசுகிறவர் ஒரு நாள் அதே பிளேட்டை ஒரு வாரம் இரவல் கேட்டார். கொடுத்தேன். திரும்பி வந்தபோது நடுவில் ஒரு கீறல். ‘இன்னமும்’ என்று பாட்டில் ஒரு சொல் வரும். அந்த இடத்தில் ஊசி துள்ளும். இன்னமும்... இன்னமும்... இன்னமும்... மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் மேலே போகும்.

நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு எதையும் இரவல் கொடுப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன். பேச்சு குறைந்தது. கேலி மட்டும் குறையவில்லை.

சிவகாமி பிறந்து வளர்ந்தது அந்தக் கீறல் விழுந்த பாட்டைக் கேட்டுத்தான். மூன்று ‘இன்னமும்’ உட்பட அப்படியே பாடுவாள். பாடி முடித்ததும் கையை நெஞ்சில் வைத்து, “வலங்கைமான் குமுதவல்லி!” என்பாள். பாட்டு என்றால் அப்படித்தான் முடியும் என்பது அவள் எண்ணம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

அவளை நான் வெளியே அதிகம் கூட்டிப்போவதில்லை. மாட்டு வண்டி, மோட்டார், அம்மை, வெயில்... எனக்குப் பயப்படக் காரணமா கிடைக்காது? தெரியாதவர்களிடம் பேரைச் சொல்லக் கூடாது, பேரைக் கேட்டுக் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று வேறு சொல்லி வைத்திருந்தேன். அன்று பினாங்கிலிருந்து ராவுத்தருக்கு பிளேட் பார்சல் வருகிற நாள். “பாடுற அம்மா எல்லாம் இன்னிக்கு ரயில்ல வர்றாங்க” என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். நானும் வருவேன் என்று ஒரே அழுகை. கூட்டிப்போனேன்.

பார்சலை வாங்கினோம். அங்கேயே பிரித்தோம். “கிராணியாரே, இந்தப் பிளேட்டப் பாருங்க!” என்றார் ராவுத்தர். பார்த்தேன். நான் ஒன்று சொன்னேன், அவர் ஒன்று சொன்னார். பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க இரண்டு கை வேண்டும். ஒரு கையில் மகளின் கை இருந்தது...

திரும்பிப் பார்த்தபோது இல்லை.

பிளாட்பாரம், பார்சல் ஆபீஸ், வாசல், ரிக்‌ஷா நிற்கிற இடம். ஓடினேன். தமிழில் கேட்டேன், மலாயில் கேட்டேன், சீன ரிக்‌ஷாக்காரரிடம் கையால் உயரம் காட்டிக் கேட்டேன். போலீஸ்காரர் அடையாளம் கேட்டார். பச்சைப் பாவாடை என்றேன். வீட்டுக்குப் போன பிறகு மனைவி மங்களம் சொன்னாள், சிவப்பு என்று. அதைக்கூடப் பார்க்காத அப்பன் நான்!

மங்களம் அழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, நான் வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் ஒன்றே ஒன்று கேட்டாள். “இன்னமும் காணோமா?”

அந்தச் சொல்லை அதற்கு முன் நான் சரியாகக் கேட்டதில்லை.

நடந்தது இதுதான். ஊரிலிருந்து கப்பலில் வந்த புது ஆட்கள் ஒரு கூட்டம் அந்த ரயிலிலிருந்து இறங்கியிருக்கிறது. எல்லாம் தஞ்சாவூர்ப் பக்கம். சேலை கட்டிய பெண்களைக் கண்டதும் சிவகாமி, பாடுகிற அம்மாவைத் தேடிக்கொண்டு அவர்களுக்குள் போய்விட்டாள். ஒருத்தி முறுக்குக் கொடுத்து, “ஒம் பேரு என்னம்மா?” என்று கேட்டிருக்கிறாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள் என் மகள் — அப்பா சொல்லியிருக்கிறாரே! சரி, பாட்டாவது பாடு என்றதும் பாடினாள். முடித்துவிட்டுக் கையை நெஞ்சில் வைத்துச் சொன்னாள்:

“வலங்கைமான் குமுதவல்லி!”

ஊர் கிடைத்தது, பேர் கிடைத்தது. நம் ஆட்களுக்கு வேறென்ன வேண்டும்? இந்த மண்ணில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனைப் பார்த்தால் முதல் கேள்வியே “நீங்க எந்த ஊரு?” தானே? எங்கே இருக்கிறாய் என்று கேட்பதில்லை, எங்கிருந்து வந்தாய் என்றுதான் கேட்போம்.

கூட்டி வந்த கங்காணி யோசிக்கவே இல்லையாம். “வலங்கைமான் ஆளுங்க மொத லாரியில போயிட்டாங்க. அவசரத்துல புள்ளைய விட்டுட்டானுங்க. தூக்கி ஏத்து!”

இரண்டாவது லாரி என் மகளையும் ஏற்றிக்கொண்டு கோப்பெங் பக்கம் போய்விட்டது.

நான் அந்தக் கங்காணியைத் திட்ட மாட்டேன். வருஷக் கணக்காகப் பெரட்டில் நின்று, காதில் விழுந்ததையெல்லாம் பேர் என்று எழுதியவன் நான். குமாரசாமி என்றவனைக் குப்புசாமி என்று எழுதி, அவனும் ஆயுசு முழுக்கக் குப்புசாமியாகவே இருந்துவிட்டான். ஒரு பேர் புத்தகத்தில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பேனா ஓடவில்லை.

லாரி போய் நின்ற தோட்டத்தில் புது ஆட்களைச் சோதிக்க நின்றிருந்தவர் டிரெஸர் மாணிக்கம். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களோடு அவர் இல்லை. என் மகளை அவர் பார்த்ததே கிடையாது. வலங்கைமான்காரர்கள் தங்கள் பிள்ளை இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். யாருடைய பிள்ளை என்று அங்கே ஒரே குழப்பம். “நாக்க நீட்டு” என்றால் நீட்டுகிறாள். பேரைக் கேட்டால் வாயை மூடிக்கொள்கிறாள். முறுக்குக் கொடுத்தவள்தான், “நல்லாப் பாடும் அய்யா, பாடச் சொல்லுங்க” என்றாளாம்.

பொழுது சாய்கிற நேரம், தோட்டத்து லாரி என் வீட்டு வாசலில் வந்து நின்றது. டிரெஸர் தோளில் சிவகாமி. ஒரு கையில் பாதி முறுக்கு.

மங்களம் அப்போதுதான் அழுதாள். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை.

“நீ ஏண்டி பேரைச் சொல்லல?” என்று மங்களம் மகளை உலுக்கினாள்.

“அப்பாதான் சொல்லக் கூடாதுன்னாங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

டிரெஸர் காபியைத் தொடாமல் நின்றுகொண்டே பேசினார். “மொத அடியிலேயே தெரிஞ்சிருச்சு அண்ணே, உங்க ஊசி இருக்கிற பாட்டுலா இதுன்னு. ஆனா இந்த பிளேட்டு எத்தன வீட்டுல இருக்கும்! கேட்டுக்கிட்டே இருந்தேன். ‘இன்னமும்’னுச்சு. சரின்னு இருந்தேன். மறுபடி ‘இன்னமும்’. எனக்குக் கையில இருந்த புட்டி நழுவிருச்சு. மூணாவது தடவ சொன்னதும் புள்ளையத் தூக்கிட்டேன்.”

“மூணு தடவை...” என்றேன்.

“குமுதவல்லி ஒரு தடவதான் பாடினா அண்ணே. மூணு தடவ பாட வெச்சது நான்.” தலையைக் குனிந்துகொண்டார். “ஊசி தீந்து போச்சு. தேஞ்ச ஊசியிலேயே நாலு நாள் கேட்டேன். கேக்காம இருக்க முடியல.”

“நாலு நாளா? கீச்சுக் குரல்னு சொன்னீங்களே!”

“புடிக்கும்னு சொன்னா, கீறல் யாரு போட்டதுன்னு தெரிஞ்சிருமேலா.”

போன வாரம் அவர் பினாங்குக்கு எழுதி அதே பிளேட்டைப் புதிதாக வரவழைத்துக் கொண்டு வந்தார். கீறலே இல்லை, கண்ணாடி மாதிரி. மரியாதையாகப் புது ஊசி போட்டு வைத்தோம். சிவகாமி ‘இன்னமும்’ வரைக்கும் கேட்டாள். முகம் சுளித்தாள்.

“இந்தம்மாவுக்குப் பாட்டே தெரியலப்பா. தப்பாப் பாடுறாங்க.”

எங்கள் வீட்டில் இப்போதும் ஊசி பழைய பிளேட்டில்தான்.

ஒரே ஒரு மாற்றம். பாட்டு முடிந்து குழாய் தன் பேரைக் கொடுத்ததும், பக்கத்தில் நிற்கிற என் மகளும் நெஞ்சில் கை வைத்து, தெருவே கேட்கும்படி பேர் கொடுக்கிறாள்:

“புந்தோங் சிவகாமி!”