மூக்கு அக்காவின் புகைச் சோதனை

கார் வந்து நின்றதும், துணி சுற்றிய விரலைப் புகைக்குழாய்க்குள் விட்டுத் துடைத்து மூக்கருகே கொண்டுபோகிறாள். கருவியைச் செருகுவது அதற்குப் பிறகுதான். புகைச் சோதனை நிலையத்தில் அவளுக்குப் பெயரே மூக்கு அக்கா. "மிஷின் நம்பரைச் சொல்லும். ஏன்னு சொல்லாது!" என்பாள்.

அந்த 'ஏன்' தெரியாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். தேறாத வண்டிக்குச் சீட்டைக் கொடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது. அவளோ பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுவிடுவாள். வரிசையில் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். "இருங்கப்பா, என்ஜினை விட நீங்க சூடாவீங்க போலிருக்கே!" என்று உள்ளிருந்தே குரல் வரும்.

நேற்று வந்தது அவள் அக்காள் கணவரின் கார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி. பழைய புகைச் சான்றிதழ் நேற்றோடு முடிந்தது. புதியது இல்லாமல் பள்ளி வாசலில் விடமாட்டார்கள்.

"புகையே வரல பாரு," என்றார் அத்தான், பெருமையாக.

கருவி வேறு கதை சொன்னது. எரியாத பெட்ரோல், வரம்பைப் போல மூன்று மடங்கு.

"நாலு ஸ்பார்க் பிளக்கும் போன வாரம்தாம்மா மாத்தினேன்!"

என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டர்களின் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினாள். முதலாவது, இரண்டாவது, நான்காவது: கழற்றும்போதெல்லாம் என்ஜின் தடுமாறியது. மூன்றாவதற்கு மட்டும் அசரவேயில்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நாலு பேர்ல இவரு வேலையே செய்யல அத்தான். சாப்பாடு மட்டும் நேரத்துக்குப் போகுது! பெட்ரோலைப் பூவாத் தூவணும். இது ஒழுக விடுது. சரியா எரியாம அப்படியே பின்னாடி போகுது. கண்ணுக்குத் தெரியாது, ஆனா மூச்சுல போகும்."

"சரிம்மா, அடுத்த வாரம் மாத்திடறேன். இன்னைக்கு மட்டும் பாஸ் போட்டுடேன். நாளைக்கு வண்டி ஓடலன்னா உன் அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

"அவகிட்ட நான் பேசிக்கறேன். பின்சீட்ல யாரு உக்கார்றாங்க?"

"சின்னப் பிள்ளைங்கதான்."

"ஜன்னல் திறந்திருக்குமா?"

அத்தான் காரைப் பார்த்தார். பின்ஜன்னல் இரண்டும் முழுதாக இறங்கியிருந்தன. "புழுக்கமா இருக்குன்னு திறந்துக்குவாங்க," என்றார், குரல் தணிந்து.

அவள் பொத்தானை அழுத்தினாள். 'தேறவில்லை' என்று அச்சாகி வந்த சீட்டைக் கருவியிலிருந்து கிழித்தெடுத்து, இரண்டு கைகளாலும் அத்தானிடம் நீட்டினாள்.