லைன் போச்சு!

போன வருடம் மழைக்காலத்தில், கேமரன் மலையில் நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது "லைன்" என்று வாயைத் திறந்தால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்குப் புரையேறிவிடும்.

நான் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலைத்தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள். தாதியாகத்தான் ஆவேன் என்று சின்ன வயதிலிருந்தே ஒற்றைக்காலில் நிற்பவள். பூனைக்கு ஊசி போடுகிறேன் என்று போய்க் கடி வாங்கிக்கொண்டு வந்து, தன் கைக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்ட பெண் அது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்ததும் தாதியர் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள், கூப்பிடவில்லை. மறுவருடம் மறுபடியும் விண்ணப்பித்தாள். இந்தத் தடவை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். நேரில் வர வேண்டாம், காலை பத்து மணிக்கு வீடியோவில் வந்தால் போதும், வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

முதல்நாள் ராத்திரி பூராவும் பேய்மழை. எங்கள் லைன், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள், மலைச்சரிவில் சாலைக்குக் கீழே இருக்கிறது. இந்த மாதிரி மழையில் மண் சரியுமோ என்ற பயம் எல்லோர் மனதிலும் ஓரமாக உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு எனக்கு அந்த நினைப்பே இல்லை. விடிந்ததும் மகளுக்குப் பாஜு கூரோங் உடையைத் தேய்த்துக் கொடுத்தேன். வீடியோவில் தெரியுமே என்று கொடியில் கிடந்த துணியையெல்லாம் அள்ளிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பினால், மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக நிற்கிறாள்.

"அம்மா, டேட்டா வரல."

அடுத்த ஒரு மணி நேரம் அந்தப் போனை நாங்கள் படுத்திய பாடு இருக்கிறதே! அணைத்து ஏற்றினோம். அதில் ஒரு விமானப் படம் இருக்குமே, அதை அமுக்கி விமானத்தைப் பத்துத் தடவை பறக்கவிட்டு இறக்கினோம். சிம் கார்டை எடுக்க ஊசி கிடைக்கவில்லை. என் தோட்டைக் கழற்றி அதன் காம்பால் குத்தி வெளியே எடுத்து, முந்தானையில் துடைத்து, ஊதி, திரும்பப் போட்டோம். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "நெட்வொர்க் செட்டிங்க்ஸ்ல போயி எல்லாத்தையும் அழிச்சிரு, போன தடவ எங்க வீட்ல அப்படித்தான் வந்துச்சு" என்றாள். அழித்தோம். எல்லாம் அழிந்தது, டேட்டா மட்டும் வரவில்லை. அவள் வீட்டுப் போனும் எங்களுடைய அதே கம்பெனிதான், அதிலும் ஒன்றும் இல்லை என்பதைக் கடைசியில்தான் சொன்னாள். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் என் தோடாவது தப்பித்திருக்கும். காம்பு வளைந்துபோய் இப்போது காதில் நிற்க மாட்டேன் என்கிறது.

மகளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அழாதே, மை கலைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே நானும் அழுதேன். வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். தானா ராத்தா டவுனுக்குப் போய்விட்டால் டேட்டா கிடைக்கும், ஆனால் கொண்டுபோக ஆள் வேண்டுமே! என்னிடம் ஒரு பழைய போன் உண்டு. முன்பக்கக் கேமரா செத்துப்போய், பார்த்தால் நம் முகம் கஞ்சிக்குள் விழுந்த மாதிரி தெரியும். அதில் மட்டும் ஒரே ஒரு சிக்னல் கோடு வருவதும் போவதுமாக இருந்தது. டவுனில் இருக்கும் என் தம்பி கேரட்டாவை, காரைத்தான் சொல்கிறேன், எடுத்துக்கொண்டு வருவான் என்று நினைத்து, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவசர அவசரமாகத் தட்டினேன்.

"லைன் போச்சு. பிள்ளை அழுவுது. யாராச்சும் உடனே வாங்க."

செய்தி போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் வந்தது. அடுத்த நொடி அந்த ஒரு கோடும் போய்விட்டது. அதன் பிறகு எங்கள் லைனில் எந்தப் போனுக்கும் உள்ளே வரவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை.

அந்தக் குழுவில் என் நாத்தனாரும் இருக்கிறார் என்பது எனக்கு அப்போது ஞாபகமே வரவில்லை. வீட்டுக்காரரின் அக்கா. திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார், லோரியும் அவரே ஓட்டுவார். ஒரு வருடத்துக்கும் மேலாக எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மகளின் எஸ்.பி.எம். முடிவை நான் குழுவில் போட்டேன். ஊரே பூங்கொத்தும் கேக்கும் அனுப்பி வாழ்த்தியது. சொந்த அத்தை, ஒரே ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். ஒரு எழுத்துகூட இல்லை, வெறும் விரல்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது. தூக்கிவைத்து வளர்த்த பிள்ளைக்கு இவ்வளவுதானா என்று அன்றைக்குப் பேச்சை நிறுத்தினேன். தீபாவளிக்குக்கூட நாங்கள் போகவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது என் வீட்டுக்காரர்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். எங்கேயாவது ஒரு கோடாவது கிடைக்காதா என்று இரண்டு போனையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே சாலை வளைவுக்கு ஏறினேன். தூறல் விடவில்லை. பத்து மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அப்போது ஹாரனை அமுக்கிய கையை எடுக்காமல் ஒரு லோரி வளைவில் வந்து நின்றது. பின்னால் பாதிக்கு முட்டைக்கோஸ். கதவைத் திறந்து குதித்தது என் நாத்தனார். ஒரு காலில் ரப்பர் பூட்ஸ், மறு காலில் சிலிப்பர். ஓடி வந்து என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார்.

"பிள்ளை எங்கடி?"

"உள்ள அழுதுக்கிட்டிருக்கா, அண்ணி."

"அழுவுறாளா? மூச்சு இருக்குல்ல? எதுல மாட்டிக்கிட்டா, காலா இடுப்பா?"

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"லைன் போச்சுன்னு போட்டியே!"

"ஆமா, காலையிலேயே போச்சு."

அவர் என்னைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்த்தார். எங்கள் லைன் ஓட்டுக் கூரையோடு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. யார் வீட்டிலோ சம்பல் வதக்கும் வாசனை. சேவல் ஒன்று தகரத்தின் மேல் ஏறி நின்று கூவியது.

"அப்ப அது என்ன?" என்று விரலை நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராத்திரி முழுக்க மழை, காலையில் "லைன் போச்சு, பிள்ளை அழுவுது", அப்புறம் யார் கூப்பிட்டாலும் போன் போகவில்லை. மண் சரிந்து வீட்டோடு நாங்கள் போய்விட்டோம் என்று நினைத்துத்தான் இந்த மனுஷி, ஏற்றிய காயை எங்கேயும் இறக்காமல் வந்திருக்கிறார்! லோரியில் கயிறு, மண்வெட்டி, இரண்டு கம்பளி.

"போன்ல லைன் போச்சு அண்ணி... டேட்டா..." என்று இழுத்தேன்.

அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் பொத்தென்று லோரிப் படியில் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து, சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "நமக்குள்ளதான் பேச்சே இல்லையே, அண்ணி" என்றேன். "நீ பேசல, நானும் பேசாமதான்டி இருந்தேன். மண்ணுக்குள்ள கெடக்கும்போதுமா பேசாம இருப்பாங்க?" என்றார்.

அப்புறம் சட்டென்று எழுந்து, "எதுக்கு இப்ப அந்த டேட்டா?" என்று கேட்டார். இன்டர்வியூ விஷயத்தைச் சொன்னதும் என் தலையில் நங்கென்று ஒரு குட்டு. "இத மொதல்ல சொல்ல மாட்டே? என் போன் வேற கம்பெனி லா!" சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பைக்குள் போன். பிரித்துப் பார்த்தால் முழுசாக மூன்று கோடு! வளைவிலிருந்து நாலு எட்டுக் கீழே இறங்கினால் அதுவும் காணாமல் போனது. ஆக, அந்த வளைவை விட்டு நகரக் கூடாது.

நான் போட்ட சத்தத்தில் மகள் பாஜு கூரோங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடி வந்தாள். அத்தை அவளை அப்படியே தூக்கி லோரியின் முன்சீட்டில் உட்கார வைத்தார். மகள் அத்தையின் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டாள், என் கையிலிருந்த தன் போனை வாங்கி அதில் பிடித்தாள், ஸ்டீரிங்கில் சாய்த்து நிறுத்தினாள். திரையில் ஒரு மலாய்க்கார அம்மாவின் முகம் தெரிந்ததும் கதவைச் சாத்திவிட்டு நாங்கள் இருவரும் வெளியே ஒரே குடைக்குள் நின்றோம்.

அந்தப் பிளாஸ்டிக் பை என் கையில் இருந்தது. நடுவில் சேறாக ஒரு கட்டைவிரல் அடையாளம். "எதுக்கு அண்ணி பை?" என்றேன்.

"தோட்டத்துல நிக்கிறப்போ கையெல்லாம் மண்ணு. பையோட அமுக்கினா எழுத்து வந்து தொலைய மாட்டேங்குது. அந்தக் கட்டைவிரல் ஒண்ணுதான் போவுது, எல்லாத்துக்கும் அதையே அனுப்பிடுறேன். ஒரு சாவுச் சேதிக்கும் போயிருச்சு, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அதனாலதான் பாப்பா ரிசல்டுக்கும்..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன ரிசல்டுக்கு?" என்றார் அவர். ஆமாம், அவருக்கு ஒன்றுமே தெரியாது! நான் எதற்குப் பேச்சை நிறுத்தினேன் என்றே அந்த மனுஷிக்கு அன்றுவரை தெரியாது. ஒரு வருடமாக நான் ஒற்றை ஆளாக நடத்திய சண்டை அது.

அதற்குள் வளைவில் ஒரு மோட்டார் அலறிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர்! தோட்ட ஆபீசுக்கு யாரோ போன் போட்டு, உங்கள் லைன் போய்விட்டதாமே என்று கேட்டிருக்கிறார்கள். "மண்ணு எங்க சரிஞ்சது?" என்று கத்தினார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "உஷ்ஷ்!" என்றோம். பெண்டாட்டியும் அக்காவும் ஒரே குடைக்குள் நிற்பதைப் பார்த்து மனுஷன் மோட்டாரை அணைக்கக்கூட மறந்து நின்றார். மண் சரிந்திருந்தால்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்.

உள்ளே நடந்ததை மகள் பிறகு சொன்னாள். எங்கே இருக்கிறாய் என்று அந்த அம்மா கேட்டாராம். லோரிக்குள் என்று இவள் சொல்லி, காரணத்தையும் சொல்ல, அந்த அம்மாவும் பக்கத்தில் இருந்தவரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். கடைசியில், ஆபத்து என்று தகவல் வந்தால் முதலில் என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி. "நேரா போய்ப் பாப்பேன். எங்க அத்தை அப்படித்தான் வந்தாங்க" என்றாளாம். புத்தகத்தில் அதற்கு என்ன பதில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியாக அவள் சிரித்தபடி தலையாட்டுவதைப் பார்த்தபோது எனக்கு உயிர் வந்தது.

மத்தியானம் எங்கள் வீட்டில் கல்யாணக் கூட்டம். நாசி லெமாக் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு தம்பி வந்துவிட்டான். அண்ணி லோரியிலிருந்து இரண்டு முட்டைக்கோஸை உருட்டிவிட்டு, "இத வதக்குடி" என்றார். சாப்பாட்டுக்கு நடுவில் டேட்டா தானாகவே வந்தது. மலைமேல் இருக்கும் டவருக்கு மழையில் கரண்டு போயிருந்ததாம். பாவம், ஒரு தப்பும் செய்யாத போனைக் குடைந்து எடுத்திருக்கிறோம். ஒரே நேரத்தில் எல்லாப் போனும் டிங் டிங் என்று அடித்தது. பார்த்தால், உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டு வரிசையாகச் செய்திகள். "இருக்கோம், சாப்பிட்டுக்கிட்டிருக்கோம்" என்று அண்ணியே கைகழுவிவிட்டு வந்து எழுத்தாகத் தட்டினார்.

சில வாரம் கழித்துக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. மகள் குழுவில் போட்டாள். பூங்கொத்து, கேக், பாட்டு என்று வந்து குவிந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் ஆளாக வந்தது திரிங்காப்பிலிருந்து ஒரே ஒரு கட்டைவிரல். அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

இப்போதும் எங்கள் தோட்டத்தில் மழைக்கு டேட்டா போகும், வரும், நானும் போனைத் திட்டுவேன். ஆனால் திரையில் அந்தச் சின்னக் கட்டைவிரல் வந்து விழுந்தால், ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் சிலிப்பருமாக எனக்காக ஓடிவந்த ஒருத்தி மழையில் நிற்பது தெரிகிறது. அந்த ஒற்றை விரலைவிட நீளமாக யாரும் எனக்கு எழுதியதில்லை.