ஏழு வீட்டுப் பிள்ளை

என் சித்தி மகளைப் பார்த்து வயிறெரிந்த அளவுக்கு நான் வேறு யாரைப் பார்த்தும் எரிந்ததில்லை. அவளிடம் இருந்ததோ இரண்டு கதர்ப் பாவாடையும் செருப்பில்லாத காலும்தான்.

பாடாலூரிலிருந்து உள்ளே தள்ளி ஏழு குடும்பங்கள் சேர்ந்து நிலம் வாங்கிக் குடியேறியிருந்தார்கள். கரண்ட் இல்லை, டிவி இல்லை, போன் இல்லை. சென்னையில் கை நிறையச் சம்பளம் வாங்கிய சித்தியும் சித்தப்பாவும் அதில் ஒரு குடும்பம். “நல்லா இருந்தவங்களுக்கு என்ன வந்துச்சாம்?” என்று பெரம்பலூரில் எங்கள் வீட்டில் பேசிக்கொள்வார்கள். எனக்கு ஒன்பது வயதானபோது, அரைப் பரீட்சை லீவில் ஒருநாள் அங்கே அழைத்துப் போனார்கள்.

அங்கே வீட்டுப்பாடம் கிடையாது. அது போதாதென்று இன்னொன்று. பிள்ளைகள் ஏழு பேருக்கும் படிப்பு, படுக்கை எல்லாம் பொதுக் கூடத்தில். மத்தியானச் சாப்பாடு மட்டும் வீடுகளில், முறை வைத்து. வீட்டுக்கு ஒரு பிள்ளை. மறுநாள் அது அடுத்த வீட்டுக்குப் போகும். எல்லாப் பிள்ளையும் எல்லாருக்கும் பிள்ளையாம். பெரியவர்கள் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு இருப்பது ஒரே அம்மா, அவளும் ரிமோட்டைப் பிடுங்குகிறவள். இவளுக்கு மட்டும் ஏழு பேரா? எனக்குத் தாங்கவில்லை.

அன்று அவள் முறை சித்தி வீட்டில். காலையிலேயே தலையைப் படிய வாரிக்கொண்டு, “இன்னைக்கு எங்கம்மா வூட்டுல” என்று நாலு தடவை சொல்லிவிட்டாள். பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். விருந்தாளிப் பிள்ளை தனக்குப் பிடித்த வீட்டில் சாப்பிடலாம் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னதும், “எனக்குச் சித்தி வூடுதான்” என்றேன்.

வீட்டுக்கு ஒரு பிள்ளைதானே. சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “நம்ம வூட்டுக்குன்னு முறைய மாத்த முடியாது” என்று சித்தப்பா முடித்துவிட்டார்.

“பரவால்லம்மா, அடுத்த வாரம் வரும்ல” என்று சொல்லிவிட்டு, முறைப் பிள்ளை காய்ச்சலில் படுத்திருந்ததால் அன்று காலியாக இருந்த பக்கத்து வீட்டுக்கு அவள் போனாள். அழக்கூட இல்லை. அதிலும் எனக்குப் பொறாமைதான்.

சித்தி சாமைச் சோற்றில் நெய் விட்டு, சின்ன வெங்காயக் குழம்பு ஊற்றிப் பிசைந்து, உருட்டி என் கையில் வைத்தாள். இரண்டு தடவை என்னை மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். இரண்டு தடவையும் ரோஷத்தோடு திருத்தினேன். “ஆமாண்டா கண்ணு, மறந்துட்டேன்” என்றாள்.

வாரம் முழுக்க அந்த ஒரு வேளைக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள் என்பது தெரியாமல், இன்னொரு உருண்டைக்குக் கையை நீட்டினேன்.