டீச்சர் கையைத் தூக்கிய இடம்

யுகுலேலே என்ற குட்டி கிட்டாருக்கு நான்கே தந்திகள்தானே என்று நம்பி இணைய வகுப்பில் சேர்ந்து மாட்டிக்கொண்டவர்களே, உங்களில் நானும் ஒருத்தி. எங்கள் தேயிலை எஸ்டேட் தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவர் ஜோகூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போக வாத்தியம் இல்லை. "நான் வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அப்போது என்னிடம் யுகுலேலேயே இல்லை.

கொழுந்து நிறுக்கும் கொட்டகை

எங்கள் பக்கம் இணையம் ஓரளவாவது கிடைப்பது இந்தக் கொட்டகையில்தான். வேலை முடிந்ததும் புது யுகுலேலேயோடு இங்கே உட்கார்ந்து பாடம் பார்ப்பேன். கைப்பேசியில் டீச்சர் "பொறுமை, பொறுமை" என்பார். நான் வாரம் முழுக்க ஒரே விரல்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தேன். தராசைத் துடைத்துக்கொண்டிருந்த எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் செல்வம் அண்ணன் கேட்டார்: "தங்கச்சி, டீச்சர் பொறுமையா இருக்கச் சொல்றது உன்னையா, எங்களையா?"

வீட்டுப்பாடம்

வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு வீடியோ போட வேண்டும். நான் எடுத்த அன்று பனி இறங்கிவிட்டது. முகமும் தெரியவில்லை, விரலும் தெரியவில்லை. தப்பான விரல் யார் கண்ணிலும் படாது என்று மகிழ்ந்து அனுப்பினேன். ஈப்போ அக்கா ஒருவர் உடனே எழுதினார்: "அந்தப் புகை மெஷின் எங்க வாங்குனீங்க? எங்க சர்ச்சுக்கும் ஒண்ணு வேணும் லா."

அழகான நிறுத்தம்

கிறிஸ்துமஸ் பாட்டை டீச்சர் நேரலையில் நடத்தினார். அதைக் கொட்டகையில் பதிவு செய்து வீட்டில் பார்த்துப் பழகினேன். பாட்டின் நடுவில் டீச்சர் கையைத் தூக்கி, வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்பார், பிறகு தொடர்வார். என்ன கம்பீரம்! நானும் அப்படியே நின்றேன். பாடகர் குழுவையும் நிற்க வைத்தேன்.

கடைசி ஒத்திகையை வாட்ஸ்அப்பில் போட்டதும் டீச்சர் கேட்டார், ஏன் எல்லாரும் நடுவில் சிலையாகிவிடுகிறார்கள் என்று. அப்போதுதான் உறைத்தது: அன்று நின்றது டீச்சர் அல்ல, எங்கள் இணையம். பாடகர் குழுத் தலைவி ரீட்டா அக்காவிடம் ஓடினேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்: "நாளைக்குப் பாடப் போறோம், இப்ப வந்து சொல்றியே! பெருசுங்கள அங்க நிக்க வைக்கவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இனி மாத்த முடியாது லா, பேசாம நில்லு!"

முதல் வீடு

எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி ஐயாவின் வீடு. பாதிப் பாட்டில் எல்லாரும் கையைத் தூக்கி நின்றோம். பாட்டு முடிந்துவிட்டதென்று ஐயா கைதட்டினார். அவர் மனைவி முறுக்குத் தட்டோடு வந்துவிட்டார். எங்கள் ஆட்கள் மீதிப் பாட்டை அங்கேயே விட்டுவிட்டுத் தட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். ஐயா என்னைப் பார்த்துச் சொன்னார்: "போன வருஷம் நீங்க பாடி முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு. இந்த வருஷந்தான் நேரத்துக்கு முடிச்சீங்க!"

ஆகவே, சக மாணவர்களே, முழுப் பாட்டையும் கற்றுவிட அவசரப்படாதீர்கள். எங்கள் எஸ்டேட்டில் எந்த வீட்டிலும் இதுவரை யாரும் மீதியைக் கேட்கவில்லை.