காதுகுத்துக்கு முன் படுத்துக்கொண்ட யானை

சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து குழந்தைகளுக்கு ஒழுக்கம் கற்பிப்பது என் பிழைப்பு. கார்ட்டூன் தொடருக்குக் கதை எழுதுகிறேன். ஒரு சிறுமியும் ஒரு யானைக்குட்டியும் காணாமல் போன கோயில் மணியைத் தேடிக் காடு காடாக அலைவார்கள். வாரம் ஒரு சாகசம், சாகசத்துக்கு ஒரு நீதி. “நம்ம பாரம்பரியம் உள்ள வரோணுமுங்க” என்பார் தயாரிப்பாளர். வரவழைத்துவிடுவேன். சிறுமி பொய் சொன்னால் யானை பாதையிலேயே படுத்துவிடும், உண்மையைச் சொன்னால்தான் எழுந்திருக்கும். இந்த யோசனைக்கு அலுவலகத்தில் கைதட்டினார்கள். அன்று நான் தாமதமாக வந்ததற்கு வண்டி பஞ்சர் என்று சொல்லியிருந்தேன் என்பது வேறு விஷயம்.

தொடரை ஒரு வாரம்கூட விடாமல் பார்ப்பவள் என் ஐந்து வயது மகள். அவளுக்கு அப்போது காது குத்தியிருக்கவில்லை. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவோம். அவளுக்கு இருப்பது ஒரே மாமன், என் மனைவியின் அண்ணன். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிறார். ஒரு வருடமாக அவர் எங்களோடு பேசவில்லை.

காரணம் நான்தான். புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு நேரில் போய் அழைக்க வேண்டிய மனிதருக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் அனுப்பினேன். கீழே கைகூப்பும் பொம்மை இரண்டு. மூன்றாவது பொம்மை போட்டிருந்தால் வந்திருப்பாரோ என்று வெகுநாள் யோசித்தேன்.

மாமன் வராவிட்டால் காதுகுத்து இல்லை. அதனால் இந்த முறை தட்டோடு மூவரும் நேரில் போனோம். மச்சான் வாசலுக்கு வந்து “வாங்க” என்றார். அந்த ‘வாங்க’வில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருடைய மனைவி காபி கொண்டுவந்து வைத்தார்.

“ஏனுங்க மாப்ள, அன்னிக்கு ஏன் நேர்ல வல்லீங்க?” என்று கேட்டார் மச்சான்.

“கிளம்பிட்டேனுங்க மச்சான். புளியம்பட்டி தாண்டுனதும் வண்டி நின்னு போச்சுங்க. மெக்கானிக்கே கெடைக்கல” என்றேன். இது பொய்தான். ஆனால் மரியாதையான பொய். உங்களை மறக்கவில்லை, வண்டிதான் மறந்தது என்று சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மகள் கைகட்டிக்கொண்டு காத்திருந்தாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது போன மாத நீதி. அதையும் நான்தான் எழுதினேன்.

“பேசி முடிச்சுட்டியாப்பா?”

“முடிச்சுட்டேன் கண்ணு.”

“நீ சோம்பேறித்தனமா சோபாவுல படுத்துட்டே அனுப்பிப்போட்டீன்னு அம்மா சொல்லுச்சு. இப்ப யானை படுத்துரும்ப்பா.”

என் மனைவி காபி டம்ளருக்குள்ளேயே போய்விடுவாள் போலிருந்தது. மச்சான் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். “எந்த யானை கண்ணு?” என்றார். அவள் முழுக் கதையையும் சொல்லி, “எல்லாம் அப்பா எழுதுனது மாமா” என்று பெருமையாக முடித்தாள்.

“ஓ, நீங்க எழுதுனதுங்களா மாப்ள!” என்றார் மச்சான். சிரித்த மாதிரியும் இருந்தது, பல்லைக் கடித்த மாதிரியும் இருந்தது. தட்டை வாங்கிக்கொண்டார். “பாக்கலாமுங்க” என்றார்.

திரும்பும் வழி முழுக்க அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் பேச்சு. “வருவாருன்னு அர்த்தம்” என்றாள் மனைவி. வரமாட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. மகளைக் கண்டிக்கலாம் என்றால் எதற்காகக் கண்டிப்பது? நான் எழுதிய இரண்டு நீதியையும் ஒன்றுவிடாமல் கடைப்பிடித்திருக்கிறாள்.

காதுகுத்து அன்று குலதெய்வக் கோயிலுக்கு எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார் மச்சான். புது வேட்டி, பக்கத்தில் சீர்த்தட்டு. குழந்தையை மடியில் ஏற்றிக்கொண்டார். ஆசாரி கம்பியை எடுத்ததும் அவள் தலையைத் திருப்பி, “வலிக்குமா மாமா?” என்று கேட்டாள்.

இதற்கு ஊரில் ஒரே பதில்தான் உண்டு: எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். ஆசாரிகூட அதைச் சொல்ல வாயெடுத்தார். மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: “வலிக்கும் கண்ணு. நல்லாவே வலிக்கும். கொஞ்ச நேரந்தான்.”

ஒரு காது முடிந்தது. கத்திய கத்தில் கோயில் மரத்துக் காக்கைகள் பறந்தன. “அடுத்த காது?” என்றாள் தேம்பிக்கொண்டே. ‘வலிக்காதுன்னு சொல்லுங்க மச்சான்’ என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

“அதும் வலிக்கும். மாமன் சட்டையப் புடிச்சுக்க.”

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சட்டையில் ஒரு பொத்தான் தெறித்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஆனால் பிடியை விடவில்லை. அப்படியே மடியில் தூங்கிப்போனாள்.

எல்லோரும் பந்திக்குப் போனார்கள். அவர் நகரவில்லை. மனைவி இலையை அங்கேயே கொண்டுவந்து போட்டாள். ஒரு கையால் சாப்பிட்டார். நான் பருப்பு ஊற்றினேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

கோபம் போய்த்தான் அங்கே உட்கார்ந்திருந்தாரா, குழந்தை பிடியை விடாததால் உட்கார்ந்திருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிடலாம்தான். ஆனால் இப்போது அவர் உண்மையைச் சொல்லிவிடுவார்.